விடிலி விடுதி ஆகுமா?

விடிலி என்பது பனங்காட்டுக்குள் ஒரு பருவத்துக்கு மட்டும் போடப்படும் ஓலைக் குடில். தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கடலோரப் பனங்காடுகளில் பனையேறிகளிடையே வழங்கும் சொல் அது. மாசி, பங்குனியில் பாளை வரத் தொடங்கியதும் பனையேறியின் குடும்பம் ஊரில் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு மரங்களுக்கு நடுவே வந்து விடிலி போடும். பனங்கம்புகளை நட்டு, மேலே வரிச்சுக் கட்டி, சாரோலையால் வேய்வார்கள். சுவரும் ஓலைதான், தரை மணல்தான். ஒரு பக்கத்தில் அடுப்பும் அதன்மேல் பதநீர் காய்ச்சும் தாச்சியும் இருக்கும். காலையில் இறக்கிய பதநீர் அங்கே கொதித்துப் பாகாகிச் சிரட்டைக்குள் இறங்கிக் கருப்பட்டியாகும். ஆடி கழிந்து பாளை ஓய்ந்ததும் குடும்பம் ஊர் திரும்பும். விடிலியின் ஓலை அடுப்புக்கோ வேலிக்கோ போய்விடும். அடுத்த ஆண்டு புதிய விடிலி எழும்பும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார் ஏறத்தாழ 60 கி.மீ. இந்தத் தொலைவுக்குள் கரிசல் முடிந்து மணல் தொடங்கிவிடும். பருத்தியும் உளுந்தும் கம்பும் நின்ற இடத்தில் பனையும் உப்பளமும் வரும். வானம் பார்த்த மானாவாரி ஊர்களும், முத்துக்குளித்துறையின் பழைய பட்டினங்களான வேம்பாரும் வைப்பாரும் ஒரே வட்டத்துக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. கரையிலிருந்து சற்றுத் தள்ளி மன்னார் வளைகுடாவின் தீவுகள்.

இப்படிப்பட்ட கடலோரங்களைப் பற்றிப் பயணப் பக்கங்களும் விளம்பரங்களும் திரும்பத் திரும்பச் சொல்லி, இன்று யாரும் மறுக்காத அளவுக்கு வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. கடற்கரையை ஒட்டி ஓலைக் கூரையும் மண் பூச்சும் கொண்ட ‘மரபுக் குடில்’களைக் கட்டி, விடுமுறைக்கு வருவோரைத் தங்க வைப்பது மரபைக் காப்பாற்றும் வழி என்பதே அந்தக் கருத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே ஏற்கெனவே பரவிவிட்ட இந்த வடிவம் தென்கோடிக் கடற்கரைக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இதற்கு நான்கு காரணங்கள் காட்டப்படுகின்றன. அது முன்னோர் வாழ்ந்த வீடு. அது இயற்கையாகவே குளுமையானது. அது மண்ணுக்கும் கடலுக்கும் கேடு செய்யாதது. அது பனைத் தொழிலையும் கூரை வேயும் கைவேலையையும் வாழவைப்பது. இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது. நான்கும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை: கட்டடத்தின் உருவத்தை மரபு என்று எடுத்துக்கொண்டு, அந்த உருவத்தைத் தந்த வேலையையும் பருவத்தையும் இடத்தையும் விட்டுவிடுவது.

முன்னோர் வீடு என்பது

விடிலி யாருக்கும் வீடாக இருந்ததில்லை. அது பட்டறை, உலையைச் சுற்றிப் போட்ட நிழல். பனையேறி ஒரு நாளில் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்க வேண்டும், அதையும் காலையும் மாலையும் செய்ய வேண்டும். இறக்கிய பதநீர் புளிப்பதற்குள் காய்ச்சியாக வேண்டும். ஊருக்கும் காட்டுக்குமாக நடக்க நேரம் கிடையாது என்பதால்தான் குடும்பமே மரத்தடிக்கு வந்தது. வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போன இடம்தான் வீடு. உழவர் களத்தில் போடும் காவல் குடிசையை ‘உழவர் இல்லம்’ என்று யாரும் சொல்வதில்லை. விடிலியை மட்டும் ‘கடலோர மக்களின் மரபு இல்லம்’ என்று சொல்வதற்குக் காரணம், ஓலையைப் பார்த்ததும் வீடு என்று நினைத்துக்கொள்ளும் வெளியூர்ப் பார்வை.

உண்மையான வீடுகளைப் பார்த்தால் அந்த 60 கி.மீ. தூரத்துக்குள் ஒரே வகை வீடு என்று எதுவும் இல்லை. கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் வகை மிகுதி. மழையில் அது நீரைக் குடித்து வீங்கும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். பருத்திக்கு வரமான அதே குணம் கட்டடத்துக்குச் சாபம். கரிசலின்மேல் நேராக எழுப்பிய சுவர் சில ஆண்டுகளில் கீறல் விடும். அதனால் இங்கே அடித்தளத்தைச் சரள் தட்டும் வரை தோண்டினார்கள், சுவருக்குச் செம்மண்ணையோ கல்லையோ தேடிப் போனார்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணை, உள்ளே தானியம் கொட்டிவைக்கும் குலுக்கை, வெயிலை விடாத சிறிய சாளரம், கனத்த சுவர். கோவில்பட்டி, இடைசெவல், எட்டயபுரம் பக்கத்துப் பழைய வீட்டின் இலக்கணம் இது. வெள்ளாமையைச் சேமித்து மறு மழை வரை கொண்டுசெல்வதே அந்த வீட்டின் முதல் வேலை.

கடலோரப் பட்டினங்களில் வேறு வகை. வேம்பார் போன்ற ஊர்களில் மீனவர் குடியிருப்புகள் தேவாலயத்தைச் சுற்றி நெருங்கி அமைந்தவை. வசதி உள்ளவர்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார்கள், இல்லாதவர்கள் ஓலையால் கட்டினார்கள். வீடு அல்லாத மூன்றாவது கட்டட வகை, ஆண்டுக்கு ஆறு மாதமே உயிர்வாழும் விடிலி. விடுதிகளில் காணப்படும் குடிலோ கூம்பாகக் குவிந்த கூரை, செம்மண் நிறம் பூசிய செங்கல் சுவர், முன்னால் மர நாற்காலி போட்ட தாழ்வாரம் என்ற அமைப்பு கொண்டது. இந்த மூன்று வகைக்குள்ளும் அது அடங்காது. அதன் சாயல் பாலித் தீவு, மாலத்தீவு விடுதிப் படங்களில் இருக்கிறது. உள்ளூர்ப் பெயரை ஒட்டிவிட்டதால் அது உள்ளூர் வீடாகிவிடாது.

பருவக் கணக்கைப் பார்த்தால் இந்தப் பொருத்தமின்மை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கடற்கரைக்கு வெளியூரார் விரும்பி வருவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில். அந்த மாதங்களில் விடிலி என்று ஒன்று இருக்காது. பாளை சீவும் வேலை தொடங்கியிருக்காது, பதநீரும் இறங்காது. விடிலி உயிரோடு இருப்பது சித்திரை, வைகாசி, ஆனி வெயிலில். அப்போது உள்நாட்டுக் கரிசலில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுத் தாண்டும், பனங்காட்டில் அடுப்புச் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். விருந்தினருக்கு உகந்த காலத்தில் விடிலி இல்லை. விடிலி உள்ள காலம் விருந்தினருக்கு உகந்ததில்லை. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் விடிலி என்பது ஆண்டு முழுவதும் நடக்கும் அறுவடைத் திருநாளைப் போன்றது.

இங்கே செட்டிநாட்டை எடுத்துக்காட்டி வாதிடுவோர் உண்டு. காரைக்குடிப் பக்கத்து மாளிகைகள் சில விடுதிகளாகி, அதனாலேயே இடிபடாமல் தப்பின என்பது உண்மை. தரங்கம்பாடியில் பழைய ஆட்சியர் மாளிகை ஒன்று விடுதியாக இயங்குவதும் உண்மை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு இந்த வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. அங்கே இருந்தது நிலைத்து நிற்பதற்காகவே கட்டிய வீடு: பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிப் பதிகல், பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஆள் வந்து தங்கியதால் அந்தப் பொருள் பிழைத்தது. விடிலியில் காப்பாற்றுவதற்கு நிலையான பொருள் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் கலைத்துப் போடுவதே அதன் இயல்பு. கலைக்காமல் நிறுத்திவைத்தால் விடிலியின் உருவம்தான் மிஞ்சும்.

குளுமை என்பது

மண் சுவரும் ஓலைக் கூரையும் குளுமை தருபவை என்ற கூற்று பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லாமல் விடுவதால் அது பிழையாகிறது. மண் சுவர் குளிரை உண்டாக்குவதில்லை. வெயிலின் சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ஒன்றரை அடி கனமுள்ள சுவரில் நண்பகல் வெப்பம் உட்புறத்தை எட்டப் பல மணி நேரம் ஆகும். அதாவது நண்பகலில் வீடு குளுமையாக இருக்கும்; இரவு படுக்கும் நேரத்தில் சுவர் பகல் சூட்டை உள்ளே கக்கத் தொடங்கும்.

கரிசல் மக்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பகலில் வீட்டுக்குள்ளும் வேப்பமர நிழலிலும் இருந்தார்கள். இரவில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கித் தெருவிலோ முற்றத்திலோ களத்திலோ போட்டார்கள், மாடி உள்ளவர்கள் தட்டட்டியில் பாய் விரித்தார்கள். வறண்ட காற்றில் இரவு விரைவாகக் குளிரும். விடிவதற்குள் சுவரும் ஆறிவிடும். கோவில்பட்டி வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அளவே, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களின் வறட்சியே அந்த வீட்டை வாழத்தக்கதாக்கியது. வீடு குளுமையாக இருந்தது என்பதைவிட, சூடு இருக்கும் இடத்தை விட்டு மனிதர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள் என்பதே சரி.

கடலோரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்ப வேறுபாடு குறைவு. கனத்த சுவருக்கு ஆறுவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. உடம்பைக் குளிர்விக்க அங்கே வேண்டியது வியர்வையை உலர்த்தும் காற்று. ஓலைச் சுவரின் இடுக்குகள் வழியாகக் கடற்காற்று ஊடுருவிப் போவதால்தான் கடலோரக் குடிசை தாங்கக்கூடியதாக இருந்தது. உள்நாட்டு வீடு வெயிலைத் தடுக்கும் வீடு, கடலோரக் குடிசை காற்றைக் கூப்பிடும் குடிசை. இரண்டும் 60 கி.மீ. இடைவெளியில் ஒன்றுக்கொன்று எதிரான தீர்வுகள்.

‘மரபுக் குடில்’ இரண்டையும் ஒட்டவைத்து இரண்டின் பயனையும் இழக்கிறது. கனத்த சுவர் காற்றைத் தடுக்கிறது. விருந்தினர் பாதுகாப்புக்காகக் கதவையும், கொசுவுக்காகக் கண்ணாடிச் சாளரத்தையும் அடைக்கிறார். முற்றத்தில் கட்டில் போட்டுத் தூங்க அவர் வரவில்லை. பூட்டிய அறைக்குள் ஈரக் காற்று தேங்குகிறது, குளிரூட்டும் எந்திரம் வருகிறது. எந்திரத்தின் குளிர் ஓலை இடுக்கு வழியே வெளியேறாமல் இருக்கக் கூரைக்கு அடியில் பலகைக் கூரை ஒன்று அடிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு ஓலைக்கு எந்த வேலையும் இல்லை. அறையைக் குளிர்விப்பது மின்சாரம். ஓலை அதற்குக் கட்டிய தலைப்பாகை.

கேடு செய்யாதது என்பது

பழைய பொருள்களால் கட்டினால் இயற்கைக்குக் கேடில்லை என்பது மூன்றாவது கூற்று. மன்னார் வளைகுடாவின் அண்மை வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. இந்தக் கடற்கரையில் சுண்ணாம்புக்கும் கட்டுமானக் கல்லுக்கும் நெடுங்காலம் பயன்பட்டது முருகைக்கல், அதாவது கடலுக்கடியிலிருந்து பெயர்த்த பவளப்பாறை. வீட்டுச் சுவருக்கு அதை அடுக்கினார்கள், சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தார்கள். தீவுகளைச் சூழ்ந்து அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்த அரண் அதனால் பெயர்ந்தது. தூத்துக்குடி அருகே விலாங்குசல்லியும் கீழக்கரை அருகே பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு கரைந்து சுருங்கியதால் அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

21 தீவுகளையும் உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே இந்தக் கரையில் ‘பழைய முறைச் சுண்ணாம்பு’ என்று பெருமையாகப் பேசும்போது அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். ஒரு பொருள் பழையது என்பதே அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. பத்து வீட்டுக்கு எடுத்தபோது தெரியாத தீங்கு நூறு வீட்டுக்கு எடுத்தபோது இரண்டு தீவுகளை விழுங்கியது.

தண்ணீரின் கணக்கு இதைவிடக் கடுமையானது. கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாக நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அதன் மறுபக்கம், மேல்மட்டத்தை ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி மேலேறி வரலாம் என்பது. ஊருணியும் கிணறும் ஊரார் குடித்துப் புழங்கும் அளவுக்குத்தான் தாங்கும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சாதாரண விடுதிப் படுக்கை ஒன்றுக்கே 180 லிட்டர் கணக்கிடுகிறது. உயர்தர விடுதி என்றால் 320 லிட்டர். நீச்சல் குளமும் புல்வெளியும் இந்தக் கணக்கில் சேராதவை. விளாத்திகுளம் பக்கத்தில் குடத்துக்கு வரிசை நிற்கும் ஊரின் எல்லையில் இப்படி ஒரு விடுதியைக் கட்டினால், அதன் கூரை ஓலையா கான்கிரீட்டா என்பது இரண்டாம் கேள்விதான்.

சட்டத்தின் பார்வையிலும் ஓலைக்குத் தனிச் சலுகை குறைவு. 2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடைப் பகுதியாக வைத்திருக்கிறது. தற்காலிகக் குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்றவற்றை மட்டும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்க வழி விட்டிருக்கிறது. ‘தற்காலிகம்’ என்ற இந்தச் சொல்லில்தான் ஓலைக்கு வணிக மதிப்பு பிறக்கிறது. ஓலை வேய்ந்தால் தற்காலிகம் என்று தோற்றம் தரும். அடியில் கான்கிரீட் மேடையும் கழிவுநீர்த் தொட்டியும் இருந்தால் அது எந்தப் பொருளிலும் தற்காலிகம் ஆகாது. விடிலிக்கு மேடை கிடையாது. அது கலைந்த இடத்தில் மறுவாரம் மணல் மட்டும் கிடக்கும்.

தொழில் வாழும் என்பது

ஓலைக் குடில் கட்டினால் பனைத் தொழில் வாழும் என்பதே நான்கு கூற்றுகளில் மனத்தைத் தொடுவது. அதனால் அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பனையேறியின் வருமானம் பதநீரிலும் கருப்பட்டியிலும் இருக்கிறது. ஓலை அதன் துணைப் பொருள். ஓலையை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலியும், பாளை குன்றும். ஆகவே குருத்தை விட்டு முதிர்ந்த சாரோலையையே எடுப்பார்கள். ஒரு கூரை வேய்ந்தால் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். இருபது குடில் கொண்ட விடுதி முழுவதையும் மாற்றி வேய்ந்தாலும் கூரைக்காரருக்கு அது சில வார வேலை. அதை வைத்து ஒரு குடும்பம் ஆண்டை ஓட்ட முடியாது. அடுத்த தலைமுறை அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு மரமேறவும் வராது.

கூரை நீடிப்பதற்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. விடிலியிலும் கிராமத்து அடுக்களையிலும் அன்றாடம் எழும் புகை ஓலையை உலர வைத்து, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. அடுப்பு எரியாத ஓலைக் கூரை ஈரம் ஊறி விரைவில் மக்கும். விடுதிக் குடிலில் அடுப்பு இல்லை. அதனால் ரசாயனம் தெளிக்கிறார்கள், அல்லது ஓலைபோல் வார்த்த பிளாஸ்டிக் கூரைக்கு மாறுகிறார்கள். உலகெங்கும் கடலோர விடுதிகளுக்கு இத்தகைய செயற்கை ஓலை விற்கப்படுகிறது. மழைக்கு அழுகாது, எளிதில் தீப்பிடிக்காது, ஆண்டுக்கணக்கில் மாற்ற வேண்டாம். உருவமே மரபு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், பிளாஸ்டிக் ஓலையை மறுக்க எந்த வாதமும் மிஞ்சாது. அந்த இடத்தில் பனையேறிக்கும் விடுதிக்கும் இருந்த கடைசித் தொடர்பும் அறுந்துவிடும்.

பனைத் தொழிலை நசுக்கிய காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. மரமேறுவது உயிரோடு விளையாடும் வேலை. நட்ட பனை பாளை விட்டுப் பலன் தரப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கும் பதநீர் மட்டுமே பிழைப்பு. அப்படிக் காய்ச்சிய கருப்பட்டியோடு சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவு விலையில் மோதுகிறது. மரங்களோ செங்கல் சூளைக்கு விறகாகச் சாய்ந்தன. பனை தமிழகத்தின் மாநில மரம். ஆனாலும் அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. கலப்பில்லாத கருப்பட்டிக்கு உரிய விலை, ஏறுபவருக்குக் காப்பீடு, மரத்துக்குப் பாதுகாப்பு என்று செய்ய வேண்டியவை பல. கூரை வேய்வது அந்தப் பட்டியலில் மிகத் தாழ்ந்த இடத்தில் வரும்.

ஓலையை விட்டுப் போகிறவர்கள்

ஓலையின் கீழ் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் அதைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதை இந்தக் கருத்து கேட்டுப் பார்ப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இதே கடற்கரையில் உள்ள ஏர்வாடியில், மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். தீயைப் பரப்பியவை கூரையில் இருந்த ஓலையும் கீற்றும். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிக்கப்பட்டது. இந்த இறப்புகளுக்குச் சங்கிலியும் நெரிசலும் ஒரே வாசலும் பொறுப்பு என்பது சரியே. ஆனாலும் ஓலை தீயை எவ்வளவு விரைவாகப் பரப்பும் என்பதை அவை காட்டிவிட்டன.

2010-இல் தமிழக அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2024 நிதிநிலை அறிக்கையில், 2030-க்குள் குடிசை இல்லாத தமிழகம் என்ற இலக்குடன், ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்ற பெயரில் 8 லட்சம் வீடுகளும், முதல் ஆண்டில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வீதம் ஒரு லட்சம் வீடுகளும் அறிவிக்கப்பட்டன. கான்கிரீட் வீடு கோடையில் கொதிக்கும் என்பதைத் தெரிந்தேதான் மக்கள் அதற்கு மனுப் போடுகிறார்கள். ஒழுகாத கூரை, பாம்பு நுழையாத சுவர், பக்கத்து வீட்டுப் பொறிக்கு அஞ்ச வேண்டாத இரவு ஆகியவை அவர்களுக்குப் பெரிது. ஒரு மாவட்டத்தில் ஒரே காலத்தில் ஒரே கூரை ஒருவருக்கு ஒழிக்க வேண்டிய வறுமை, மற்றவருக்குக் கட்டணம் செலுத்தி அனுபவிக்கும் மரபு. இந்த முரணை விளக்காமல் ‘முன்னோர் அறிவு’ என்று பேசுவது, அந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் எடுத்த முடிவை அறியாமை என்று சொல்வதற்குச் சமம்.

எதிர்வாதங்கள்

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது, மரபு மாறிக்கொண்டேதான் இருக்கும், விடிலி விடுதியாவதும் ஒரு மாற்றமே என்பது. மாற்றம் உண்மைதான். பனையேறிகளே விடிலியின் மேல் தகரமும் தார்ப்பாயும் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் அது விடிலி அல்லாமல் போய்விடவில்லை, ஏனென்றால் உள்ளே பதநீர் கொதிக்கிறது. தகரம் போட்ட விடிலி மரபுக்குள் நிற்கிறது. பொருளெல்லாம் பழையதாக இருந்தும், வேலை இல்லாத ஓலைக் குடில் அதற்கு வெளியே நிற்கிறது. கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவதும், ஜப்பானில் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவதும் இதே உண்மையைச் சொல்கின்றன. பொருள் மாறலாம், செய்கை விடுபடக் கூடாது.

இரண்டாவது, ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டும், விருந்தினர் வந்தால் ஊருக்கு நாலு காசு வரும் என்பது. காசு வரும் என்பதில் ஐயமில்லை. விடுதி என்ற பெயரிலேயே அது வரட்டும். நல்ல காற்றோட்டமும் அளவான தண்ணீர்ச் செலவும் கரையிலிருந்து போதிய தொலைவும் கொண்ட ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ விடுதியாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. ‘மரபு’ என்ற சொல்லைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்தச் சொல் கேள்விகளை அடைத்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து, நிலம் யாருடையது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டியவர்கள் ஓலையைப் பார்த்ததும் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

எஞ்சுவது

இந்த வறள்நிலத்தில் மரபோடு தொடர்புள்ள தங்கல் முடியாததில்லை. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தங்கும் இடம் ஏற்கெனவே நிற்கும் வீடாக இருக்க வேண்டும்: கரிசல் ஊரில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு, அல்லது கடலோர ஊருக்குள் குடும்பம் வாழும் வீடு. புதிதாக ஓலை வேய்ந்த போலி வேண்டியதில்லை. தண்ணீர், அந்த ஊராருக்குக் கிடைக்கும் அளவிலேயே விருந்தினருக்கும் கிடைக்க வேண்டும். பனங்காட்டைப் பார்க்க வருவோர் பருவத்தில் வர வேண்டும். வெயிலில் வந்து, காலைப் பதநீரைக் குடித்து, விடிலி வாசலில் கருப்பட்டியை அதன் உண்மை விலைக்கு வாங்கி, இரவில் ஊருக்குள் வந்து தங்க வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது கவனம் பெற்றது பொருளும் அதைச் செய்யும் முறையும்தான். மிட்டாய் காய்ச்சும் கொட்டகையை யாரும் தங்குமிடமாக்கவில்லை. கருப்பட்டிக்கும் விடிலிக்கும் அதே முறை பொருந்தும்.

இந்த நிபந்தனைகளில் வருவோர் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். பனங்காடும் கடலோர நன்னீரும் தாங்கக்கூடிய எண்ணிக்கையும் அவ்வளவுதான். விடிலியைப் பொறுத்தவரை, பதநீர் இறங்கும் வரை அது தானாகவே ஆண்டுதோறும் எழும்பும். பதநீர் நின்றுவிட்டால் எத்தனை குடில் கட்டினாலும் அது திரும்பாது.